ஓர்கா பேசுகிறது, ஆனால் எதையும் வாசிக்கவில்லை என்றால்

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் சொல்லிப் பார்க்கிறேன். தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். பார்வையற்ற உங்கள் அக்கா போட்டித் தேர்வுக்குப் படிக்கிறார். அவருக்காகப் பழைய லேப்டாப் ஒன்றில் உபுண்டு மாட்டே 24.04 என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவியிருக்கிறீர்கள். சூப்பர், ஆல்ட், எஸ் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் ஸ்கிரீன் ரீடர் தொடங்கிவிட்டது என்று, திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கும் மென்பொருளான ஓர்கா ஆங்கிலத்தில் அறிவிக்கிறது. அத்தோடு சரி. கோப்புறையைத் திறந்தாலும் மௌனம், ஃபயர்பாக்ஸிலும் மௌனம், லிபரே ஆபீஸிலும் மௌனம். வீடியோ இயக்கும் வி.எல்.சி.யின் மெனுவை மட்டும் வாசிக்கிறது. மூன்று முறை அழித்துவிட்டு மறுபடி நிறுவியும் மாற்றமில்லை. "ஒலி அமைப்பை எப்படிச் சரிசெய்வது?" என்பது நீங்கள் எழுதிய கேள்வி. ஆனால் கடைசி வரியில், லினக்ஸ் அக்காவுக்குச் சரிப்பட்டு வருமா, இல்லை விண்டோஸுக்கே போய்விடலாமா என்று போகிற போக்கில் கேட்டிருக்கிறீர்கள். உங்களை உறுத்துவது அதுதான் என்று எனக்குப் படுகிறது. இரண்டுக்கும் சொல்கிறேன். முதல் கேள்விக்கு என் பதில் சுருக்கமானது: உங்கள் ஒலி அமைப்பில் கோளாறு ஒன்றும் இல்லை. அதைத் தொடாதீர்கள்.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கும் பார்வை இல்லை. பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக ஓர்காவைக் கேட்டுத்தான் வேலை செய்கிறேன். பார்வையற்ற மாணவர்களுக்குக் கணினி கற்றுக்கொடுக்கிறேன். நிரல் எழுதுகிறவன் அல்ல. ஓர்காவின் உள்ளே எந்த வரி என்ன செய்கிறது என்று கேட்டால் விழிப்பேன். ஆனால் அது எந்தெந்த வகையில் ஊமையாகும் என்பதைப் பட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறேன். கீழே உறுதியாகச் சொல்வது எது, ஊகமாகச் சொல்வது எது என்பதைப் பிரித்தே சொல்கிறேன். உங்கள் கணினி என் முன்னால் இல்லை அல்லவா.

ஸ்கிரீன் ரீடர் என்பதை ஒரே மென்பொருளாக நினைப்பதுதான் பெரும்பாலானவர்கள் வழிதவறுகிற இடம். அதில் இரண்டு பயணங்கள் இருக்கின்றன. ஒன்று, செய்தி ஓர்காவுக்கு வந்து சேருகிற பயணம். கோப்பு மேலாளரில் நீங்கள் ஒரு கோப்பின் மேல் நிற்கிறீர்கள் என்றால், அந்தக் கோப்பின் பெயரையும், அது ஓர் உருப்படி, தேர்வாகியிருக்கிறது என்ற விவரங்களையும் அந்த மென்பொருளே வெளியே சொல்ல வேண்டும். ஓர்கா திரையைப் பார்த்துப் படிப்பதில்லை. அதற்கும் எங்களைப் போலவே கண் கிடையாது. மற்றவர் சொல்வதைக் கேட்டுத்தான் அதற்குத் தெரியும். மென்பொருள்கள் இப்படிச் சொல்வதற்கான வழிக்கு ஏ.டி.-எஸ்.பி.ஐ. என்று பெயர். அது டி-பஸ் என்ற செய்தித் தடத்தின் மீது ஓடுகிறது. அதுவும் பொதுத் தடத்தில் அல்ல, அணுகல் வசதிக்கென்றே தனியாக விடப்பட்ட தடத்தில். டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கி வேறு பஸ் மாறுவதைப் போல, மென்பொருள் முதலில் பொதுத் தடத்தில் போய் அந்தத் தனித் தடத்தின் முகவரியை விசாரித்து, பிறகு அதில் ஏறுகிறது. இரண்டாவது, குரல் காதுக்கு வருகிற பயணம். ஓர்கா தனக்குக் கிடைத்த சொற்களை ஸ்பீச் டிஸ்பேட்சர் என்ற இடைச்சேவையிடம் கொடுக்கிறது. அது ஈஸ்பீக் என்.ஜி. போன்ற குரல் பொறியிடம் கொடுக்கிறது. அங்கே உருவான ஒலி பைப்வயர் அல்லது பல்ஸ் ஆடியோ என்ற ஒலிச் சேவை வழியாக ஒலி அட்டைக்குப் போய், ஸ்பீக்கரில் முடிகிறது.

இப்போது உங்கள் அறிகுறியை இதில் வைத்துப் பாருங்கள். தொடங்கிவிட்டேன் என்று ஓர்கா சொன்னது உங்கள் காதில் விழுந்ததா? விழுந்தது. அப்படியென்றால் ஓர்காவிலிருந்து ஸ்பீக்கர் வரைக்கும் உள்ள எல்லாக் கண்ணிகளும் நலமாக இருக்கின்றன. இதில் எனக்கு எள்ளளவும் ஐயம் இல்லை. அறுந்திருப்பது முதல் பயணம். அந்த அறிவிப்பை ஓர்கா யாரிடமும் கேட்காமல் தானே சொல்கிறது. மற்ற எல்லாவற்றையும் சொல்ல அதற்கு இன்னொருவர் வாய் திறக்க வேண்டும். ஒலி இயக்கிகளை மாற்றியதாகவும், பைப்வயரை நீக்கிவிட்டுப் பல்ஸ் ஆடியோவைப் போட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இருமலுக்குக் காலில் தைலம் தேய்த்த கதைதான். கேடு ஒன்றும் வந்திருக்காது, குணமும் தெரியாது.

சரி, மென்பொருள்கள் ஏன் வாய் திறக்கவில்லை? உங்கள் கேள்வியின் நடுவில், முக்கியமில்லாததுபோல ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். கட்டளைகளைத் தட்டும் டெர்மினல் சாளரத்தில் எதைத் திறந்தாலும் அணுகல் தடத்தோடு இணைய முடியவில்லை என்ற எச்சரிக்கை வந்து தொந்தரவு செய்ததாகவும், இணையத்தில் கிடைத்த யோசனைப்படி ஒரு வரி சேர்த்ததும் அது நின்றுவிட்டதாகவும், இப்போது நிறுவியதும் ஓட்டுவதற்கென்று நீங்கள் வைத்திருக்கும் ஸ்கிரிப்டிலேயே, அதாவது கட்டளைத் தொகுப்பிலேயே, அந்த வரி இருப்பதாகவும். அது என்ன வரி என்று நீங்கள் சொல்லவில்லை. நான் சொல்லட்டுமா? நோ, ஏடி, பிரிட்ஜ் என்ற மூன்று சொற்களையும் பெரிய எழுத்தில் அடிக்கோட்டால் இணைத்து, சமன் குறி போட்டு, 1 என்று முடிகிற வரி. இது ஊகம்தான், ஆனால் பந்தயம் கட்டக்கூடிய ஊகம். அந்த எச்சரிக்கைக்கு இணையத்தில் பத்துப் பேரிடம் மருந்து கேட்டால் எட்டுப் பேர் இதைத்தான் எழுதித் தருகிறார்கள்.

அந்த வரி என்ன செய்கிறது என்பதில் ஊகத்துக்கு இடமில்லை. பொத்தான், மெனு போன்ற முகப்புகளை உருவாக்க உதவும் ஜி.டி.கே. 3 என்ற தொகுப்பைக் கொண்டு எழுதப்பட்ட மென்பொருள்கள் அணுகல் தடத்தில் ஏறுவதற்கு ஒரு பாலம் இருக்கிறது. அந்தப் பாலம் தொடங்கும்போது முதல் வேலையாக, அந்த வரி வைத்துவிடும் சூழல் மாறியைத்தான், அதாவது மென்பொருள்கள் தொடங்கும்போது படித்துக்கொள்ளும் ஒரு பெயரையும் அதன் மதிப்பையும்தான், பார்க்கிறது. மதிப்பு 1 என்று இருந்தால் அப்படியே திரும்பிவிடுகிறது. தடத்தோடு இணையவே முயலாததால், இணைய முடியவில்லை என்ற எச்சரிக்கையும் வருவதில்லை. எச்சரிக்கை நின்றதற்குக் காரணம் நோய் தீர்ந்தது அல்ல. நோயாளி வாயைக் கட்டியாகிவிட்டது. மாட்டே திரைச்சூழல் முழுவதும், அதன் கோப்பு மேலாளர், பேனல், டெர்மினல் எல்லாமே ஜி.டி.கே. 3. ஃபயர்பாக்ஸும் அந்தப் பாலத்தைத்தான் பயன்படுத்துகிறது. உபுண்டுவில் வரும் லிபரே ஆபீஸும் ஜி.டி.கே. முகப்போடு ஓடும்போது அதே பாலம். வி.எல்.சி. மட்டும் கியூட்டி என்ற வேறொரு முகப்புத் தொகுப்பைக் கொண்டு எழுதப்பட்டது. கியூட்டிக்குத் தன் சொந்தப் பாலம் இருக்கிறது. இந்த மாறியை அது சட்டை செய்வதில்லை. ஆகவேதான் அது ஒன்று மட்டும் பேசுகிறது. மூன்று முறை மறுபடி நிறுவியும் ஏன் சரியாகவில்லை என்பதற்கும் விடை இதிலேயே இருக்கிறது: ஒவ்வொரு முறையும் உங்கள் ஸ்கிரிப்ட் அந்த வரியைத் திரும்பக் கொண்டுபோய் வைத்திருக்கிறது.

சரிபார்ப்பது எளிது. டெர்மினலில் பிரிண்ட்என்வ் என்று தட்டுங்கள். சூழல் மாறிகள் எல்லாம் வரிசையாக வரும். அதில் நான் சொன்ன பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அது எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும். பெரும்பாலும் இ.டி.சி. அடைவுக்குள் இருக்கும் என்விரான்மென்ட் என்ற கோப்பில் கிடைக்கும். அங்கே இல்லாவிட்டால் வீட்டு அடைவில் புள்ளியில் தொடங்கும் மறைகோப்புகளான ப்ரொஃபைல், பாஷ்ஆர்சி, எக்ஸ்செஷன்ஆர்சி ஆகியவற்றில் பாருங்கள். வரியை நீக்கிய பிறகு டெர்மினலை மட்டும் மூடித் திறந்தால் போதாது. முழுவதுமாக வெளியேறி மறுபடி உள்நுழைய வேண்டும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பவை பழைய மதிப்பையே பிடித்துக்கொண்டிருக்கும். ஸ்கிரிப்டிலிருந்தும் மறக்காமல் எடுத்துவிடுங்கள். ஒருநாள் ஜி.டி.கே. 4 மென்பொருள்கள் மட்டும் ஊமையானால் அவற்றுக்கு இதேபோல இன்னொரு மாறி உண்டு: ஜி.டி.கே. என்பதோடு ஏ11ஒய் சேர்த்து, மதிப்பாக நன் என்று கொடுத்திருந்தால் அவையும் வாயடைத்துப்போகும். 2020 டிசம்பரில் வந்த ஜி.டி.கே. 4, பழைய பாலத்தைக் கைவிட்டு நேரடியாகத் தடத்தோடு பேசுவதால் அதன் சாவி வேறு.

இந்த இடத்தில் கொஞ்சம் கோபத்தைக் கொட்டிவிடுகிறேன். இப்படிப்பட்ட யோசனைகளை எழுதுகிறவர்கள் கெட்டவர்கள் அல்லர். அவர்களுக்கு அந்த எச்சரிக்கை வெறும் இரைச்சல். அது யாருடைய கண் என்பது தெரியாது. இதே கதை உபுண்டு 22.04 வந்தபோதும் நடந்தது. பிரெய்ல் கருவிகளை இயக்கும் பி.ஆர்.எல்.டி.டி.ஒய். என்ற சேவை, மலிவான ஆர்டுயினோ மின்னணுப் பலகைகளில் இருக்கும் சி.ஹெச். 340 என்ற யு.எஸ்.பி. சில்லைத் தவறுதலாகப் பிரெய்ல் கருவி என்று எண்ணிப் பிடித்துக்கொண்டது. உண்மையான பிழைதான். ஆனால் அதற்கு எல்லா இடங்களிலும் கிடைத்த தீர்வு, அந்தச் சேவையையே நீக்கிவிடு என்பது. ஒரு கல்லூரி ஆய்வகத்தில் எல்லாக் கணினிகளிலிருந்தும் அதை எடுத்துவிட்டு, பிரெய்ல் கருவியோடு வந்த மாணவியிடம் உன் கருவிதான் பழுது என்று சொல்லி அனுப்பியதை அவரே என்னிடம் சொன்னார். கணினியை வேகப்படுத்தும் குறிப்புகளில் ஏ.டி.-எஸ்.பி.ஐ. என்ற பொட்டலத்தை (நிறுவக்கூடிய மென்பொருள் தொகுப்பை)த் தேவையற்றது என்று நீக்கச் சொல்வதும் இதே ரகம். உங்கள் ஸ்கிரிப்டில் வேறு என்னென்ன நீக்கியிருக்கிறீர்கள் என்று ஒருமுறை கண்ணோட்டம் விடுங்கள்.

அந்த மாறி பட்டியலில் இல்லை என்றால் என் ஊகம் தோற்றது. அப்போது அடுத்ததாக எதைப் பார்ப்பேன் என்று சொல்கிறேன். மாட்டேவின் கட்டுப்பாட்டு மையத்தில் உதவித் தொழில்நுட்பங்கள் என்ற பகுதி உண்டு. அதில் அவற்றை இயக்குவதற்கான தேர்வுப்பெட்டி டிக் செய்யப்பட்டிருக்க வேண்டும். இதை மாற்றினாலும் வெளியேறி உள்நுழைய வேண்டும். பிறகு, ஓடிக்கொண்டிருக்கும் செயல்களின் பட்டியலில் ஏ.டி.-எஸ்.பி.ஐ. என்று தொடங்கும் இரண்டு பெயர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள்: ஒன்று பஸ் லாஞ்சர், இன்னொன்று ரெஜிஸ்ட்ரி. முதலாவது தடத்தைத் திறந்து வைப்பது, இரண்டாவது அதில் யார் யார் ஏறியிருக்கிறார்கள் என்று கணக்கு வைப்பது. இரண்டும் இல்லாவிட்டால் பொட்டலமே போய்விட்டது என்று கொள்ளலாம். இரண்டும் இருந்தும் மௌனம் என்றால் அக்செர்சைசர் என்ற கருவியை நிறுவிப் பாருங்கள். தடத்தில் ஏறியிருக்கும் ஒவ்வொரு மென்பொருளையும், அதன் பொத்தான்களையும் மெனுக்களையும் மரம்போல அது காட்டும். கண் பார்வை உள்ளவர் பக்கத்தில் இருந்தால் இதைவிடச் சிறந்த கருவி இல்லை. ஃபயர்பாக்ஸ் அந்த மரத்தில் இருக்கிறது, ஆனால் ஓர்கா வாசிக்கவில்லை என்றால் குற்றம் ஓர்காவிடம். மரத்திலேயே இல்லை என்றால் குற்றம் ஃபயர்பாக்ஸிடம், அல்லது இரண்டுக்கும் இடையில். எத்தனையோ நாள் வீண் வாதத்தை இந்த ஒரு பார்வை மிச்சப்படுத்தும்.

எல்லாம் பேசத் தொடங்கி ஒன்றிரண்டு மட்டும் முரண்டு பிடித்தால், அவை தனித்தனிக் கதைகள். ஃபயர்பாக்ஸின் முகவரிப் பட்டையில் அபௌட், முக்காற்புள்ளி, சப்போர்ட் என்று தட்டினால் வரும் நீண்ட பக்கத்தில் அணுகல்தன்மைக்கென்று ஒரு பகுதி இருக்கிறது; அது இயங்குகிறதா இல்லையா என்று அதிலேயே தெரியும். லிபரே ஆபீஸில் உதவி மெனுவின் அறிமுகப் பெட்டியில் வி.சி.எல். என்ற சொல்லுக்கு எதிரே ஜி.டி.கே. 3 என்று இருக்க வேண்டும். எக்ஸ் 11 என்று இருந்தால், ஜி.டி.கே. முகப்புக்கான துணைப்பொட்டலம் நிறுவப்படவில்லை என்று பொருள். அதை நிறுவினால் பேசும். குரோமும், அதன் வயிற்றில் பிறந்த எலக்ட்ரான் வகை மென்பொருள்களும் சில சமயம் ஸ்கிரீன் ரீடர் ஓடுவதை உணர்வதில்லை. அவற்றைத் தொடங்கும் கட்டளையோடு ஃபோர்ஸ் ரெண்டரர் அக்சசிபிலிட்டி என்ற தெரிவைச் சேர்த்தால் வலுக்கட்டாயமாகப் பேச வைக்கலாம், கொஞ்சம் மெதுவாகும். கியூட்டி மென்பொருள்களுக்கு அதேபோல கியூட்டி லினக்ஸ் அக்சசிபிலிட்டி ஆல்வேஸ் ஆன் என்ற சூழல் மாறியை 1 ஆக்கலாம். சூழல் மாறிகளே இப்படி ஒன்று வாயைக் கட்டவும் இன்னொன்று திறக்கவும் பயன்படுவது வேடிக்கைதான். நிர்வாகி உரிமையோடு ஓடும் வரைகலை மென்பொருள்கள், குறிப்பாக வட்டைப் பிரிப்பவை, பெரும்பாலும் ஊமையாகவே இருக்கும். அவை வேறொரு பயனராக ஓடுவதால் அக்காவின் தடம் அவற்றுக்கு எட்டுவதில்லை. அதற்காக நான் மல்லுக்கட்டுவதில்லை. அந்த வேலைகளை டெர்மினலிலேயே முடித்துக்கொள்வேன்.

இதைப் படிக்கும் வேறு யாருக்காவது நேர்மாறான சிக்கல் இருக்கலாம்: ஓர்கா தொடங்கியதற்கான அடையாளமே காதில் விழாத நிலை. அவர்கள்தான் குரல் பக்கம் போக வேண்டும், அதுவும் கீழிருந்து மேலாக. முதலில் வேறு ஏதாவது ஒலி, ஒரு பாட்டு, ஸ்பீக்கரில் வருகிறதா? வந்தால், ஸ்பீச் டிஸ்பேட்சரோடு வரும் எஸ்.பி.டி. சே என்ற கட்டளைக்கு ஒரு சொல்லைக் கொடுங்கள். அது பேசிவிட்டால் ஓர்காவில் தவறு. பேசாவிட்டால் டிஸ்பேட்சரிலோ குரல் பொறியிலோ தவறு. ஈஸ்பீக்கைத் தனியாக அழைத்துப் பேச வைத்தால் அந்த இரண்டில் எது என்று தெரிந்துவிடும். தொங்கிக்கிடக்கும் டிஸ்பேட்சரைக் கொன்றுவிட்டால் அடுத்து யாராவது பேச அழைக்கும்போது அது தானே புதிதாக எழும். அதற்காகக் கணினியை அணைத்துப் போட வேண்டியதில்லை.

என் சொந்த வெட்கம் ஒன்றையும் சொல்கிறேன். ஒரு வீட்டில் ஒரு முற்பகல் முழுவதும் உட்கார்ந்து எல்லா அமைப்புகளையும் குடைந்தேன். பாட்டும் வரவில்லை, குரலும் வரவில்லை. கடைசியில் அந்த வீட்டுப் பையன், "மாமா, டி.வி.யோட வயர் இதுல மாட்டியிருக்கே" என்றான். ஹெச்.டி.எம்.ஐ. வழியாக ஓர்கா அவ்வளவு நேரமும் அணைத்து வைத்திருந்த டி.வி.க்குள் பேசிக்கொண்டிருந்திருக்கிறது. எங்களுக்கு வயர் எங்கே போகிறது என்று கையால் தடவிப் பார்க்கத்தான் முடியும். அன்றிலிருந்து முதல் வேலையாகத் தடவிப் பார்க்கிறேன்.

குரல் வருகிறது, ஆனால் ஒவ்வொரு வாக்கியத்தின் முதல் அசையும் விழுங்கப்படுகிறது என்றால், சில வினாடிகள் ஒலி இல்லாதபோது ஒலி அட்டையைத் தூங்க வைக்கும் மின்சேமிப்பு வசதிதான் காரணமாக இருக்கும். பைப்வயரை நிர்வகிக்கும் வயர்பிளம்பரின் அமைப்பில் அந்தத் தூக்க நேரத்தை 0 ஆக்கினால் தூங்காது. டெஸ்க்டாப் இல்லாத கறுப்புத் திரையிலும் பேச்சு வேண்டுமென்று ஸ்பீக்அப் என்ற வாசிப்பானை ஈஸ்பீக்கோடு இணைத்து வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு பழைய தொல்லை உண்டு. அது ஒலி அட்டையை நேரடியாகப் பிடித்துக்கொண்டுவிட்டால், டெஸ்க்டாப்பில் ஒலியே இல்லாமல் போகும். இரண்டு பேர் ஒரே மைக்கைப் பிடித்து இழுக்கிற நிலைமை.

அக்கா பக்கத்திலிருந்தும் ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஓர்காவுக்கு இரண்டு விசை அமைப்புகள் உண்டு. டெஸ்க்டாப் அமைப்பில் இன்செர்ட் விசைதான் ஓர்காவின் விசை; வரிவரியாகவும் சொல்சொல்லாகவும் திரையை வாசிப்பது வலப்பக்க எண்தளத்தில் நடக்கும். உங்கள் லேப்டாப்பில் எண்தளம் இல்லையென்றால் லேப்டாப் அமைப்புக்கு மாற்ற வேண்டும். அதில் கேப்ஸ் லாக் ஓர்காவின் விசையாகும். ஓர்கா விசையோடு எஸ் அழுத்தினால் பேச்சு நின்றுவிடும், மறுபடி அழுத்தினால் திரும்பும். தெரியாமல் கை பட்டு நின்றுபோய், கணினி கெட்டுவிட்டது என்று என்னை அழைத்தவர்கள் நிறையப் பேர். ஓர்கா விசையோடு ஹெச் அழுத்தினால் கற்றல் நிலை வரும்; எந்த விசையை அழுத்தினாலும் அது எதற்கு என்று சொல்லும். அந்த நிலையில் அக்காவை அரைமணி நேரம் தனியாக விடுங்கள். பக்கத்தில் நின்று இதை அழுத்து, அதை அழுத்து என்று சொல்லாதீர்கள்.

திரையில் சாளரங்களைக் காட்டும் புதிய முறையான வேலண்ட் பற்றி ஒரு குறிப்பு, ஏனென்றால் யாராவது உங்களிடம் அதுதான் காரணம் என்று சொல்வார்கள். உபுண்டு மாட்டே 24.04 பழைய எக்ஸ் 11 மீதே ஓடுகிறது. ஆகவே உங்கள் சிக்கலில் அதற்குப் பங்கில்லை. ஆனால் வழக்கமான உபுண்டுவில், அதன் திரைச்சூழலான க்னோமின் வேலண்ட் அமர்வில், ஓர்காவின் விசைகள் எல்லா இடங்களிலும் சரியாக எட்டாத குறை நீண்ட நாள் இருந்தது. வேலண்டின் கொள்கையே ஒரு மென்பொருளுக்குப் போகிற விசையை இன்னொன்று ஒட்டுக்கேட்கக் கூடாது என்பது. பாதுகாப்புக்கு நல்லது. ஆனால் ஸ்கிரீன் ரீடரின் பிழைப்பே ஒட்டுக்கேட்பதில் இருக்கிறது. 2025 மார்ச்சில் வந்த க்னோம் 48-இல்தான் ஓர்காவுக்கென்று முறையான ஒரு வாசல் திறந்து கொடுத்தார்கள். உபுண்டு 24.04-இல் இருப்பது க்னோம் 46. ஆகவே அங்கே யாருக்காவது விசைகள் தகராறு செய்தால், உள்நுழையும் திரையில் எக்ஸ்ஆர்க் (எக்ஸ் 11) அமர்வைத் தேர்ந்தெடுக்கச் சொல்வேன். உபுண்டு 25.10 முதல் க்னோமில் அந்தத் தெரிவே கிடையாது. மேம்படுத்தும் முன், புதிய பதிப்பைப் பென்டிரைவிலிருந்து நேரடியாக ஓட்டி அக்காவையே பயன்படுத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்காத, ஆனால் அடுத்த வாரம் கட்டாயம் கேட்கப்போகிற ஒன்று தமிழ். ஓர்காவின் அமைப்புகளில் குரலுக்கான பகுதியில் ஈஸ்பீக்கையும் தமிழையும் தேர்ந்தெடுத்தால் தமிழ் வாசிக்கும். இயந்திரக் குரல்தான், முதல் இரண்டு நாள் காது கூசும், பிறகு பழகிவிடும். வேகத்தைக் கூட்டும்போது அந்தக் குரலின் தெளிவு புரியும். இடையில் ஆங்கிலச் சொல் வந்தால் அதை ஆங்கில விதிப்படி சொல்ல முயலும். ஆனால் தேர்வுக் குறிப்புகள் என்று பரவும் தமிழ்க் கோப்புகள் பலவும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துரு முறைகளில் தட்டப்பட்டவை. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளும் குறிகளும். ஓர்கா அவற்றை உள்ளபடியே கடகடவென்று உளறும். அப்போது மறுபடியும் ஓர்காவைச் சந்தேகித்து நான்காவது முறை நிறுவிவிடாதீர்கள். எழுத்துரு மாற்றிகள் கொண்டு யூனிகோடுக்கு மாற்றிக் கொடுங்கள். படமாக ஸ்கேன் செய்யப்பட்ட பி.டி.எஃப். என்றால் டெசராக்ட் என்ற எழுத்துணரிக்குத் தமிழ்த் தரவைச் சேர்த்து ஓட்டலாம். அச்சு தெளிவாக இருந்தால் படிக்கும்படியாக வரும். அட்டவணைகளையும் இரண்டு பத்திப் பக்கங்களையும் குழப்பிவிடும்.

இனி அந்தக் கடைசி வரிக் கேள்வி. விண்டோஸில் என்.வி.டி.ஏ. என்ற ஸ்கிரீன் ரீடர் இருக்கிறது. 2006-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கியது, இலவசம், திறமூலம், நன்றாக இருக்கிறது. ஓர்காவும் அதே 2006-இல் க்னோம் 2.16-இல் சேர்க்கப்பட்டதுதான். சன் நிறுவனத்தில் பிறந்தது. கடல்வாழ் ஓர்கா திமிங்கிலத்தின் பெயர் அதற்கு வந்தது, விண்டோஸின் ஜாஸ் போல, ஸ்கிரீன் ரீடர்களுக்கு நீர்வாழ் உயிரினங்களை நினைவூட்டும் பெயர் வைக்கிற பழைய வழக்கத்தையொட்டி. ஒரு வயதுக்காரர்கள் என்றாலும் இரண்டுக்கும் கிடைத்த ஆதரவு ஒன்றல்ல. இணையம், மின்னஞ்சல், எழுதுவது, டெர்மினல் ஆகியவற்றில் ஓர்காவோடு எனக்குக் குறையில்லை. அக்காவின் பயிற்சி மையமோ தேர்வுக் கூடமோ விண்டோஸைத்தான் பயன்படுத்துகிறது என்றால், அவருடைய தோழிகள் எல்லோரும் என்.வி.டி.ஏ. விசைகளைத்தான் பேசிக்கொள்கிறார்கள் என்றால், அதையே முதலில் கற்றுக்கொள்ளட்டும். தேர்வு நெருங்கும் நேரத்தில் லினக்ஸ் மீதான பற்றை அவர் தலையில் ஏற்ற வேண்டாம். லேப்டாப் விண்டோஸைச் சுமக்க முடியாத அளவு பழையது, அல்லது அவருக்கே இதில் விருப்பம் என்றால் மாட்டே நல்ல தேர்வு, மாற்றத் தேவையில்லை. எதுவானாலும் அவரிடம் கேட்டீர்களா? உங்கள் பதிவில் அவர் என்ன சொன்னார் என்பது ஓரிடத்திலும் இல்லை.

முதலில் அந்த வரியை நீக்கிவிட்டு, வெளியேறி உள்நுழைந்து பாருங்கள். அப்படியும் மௌனம் என்றால், டெர்மினலில் ஓர்காவை ரீப்ளேஸ், டீபக் என்ற இரண்டு தெரிவுகளோடு தொடங்கி, கோப்பு மேலாளரில் நாலைந்து முறை அம்பு விசையை அழுத்திவிட்டு நிறுத்துங்கள். டீபக் என்று தொடங்கித் தேதியையும் கொண்ட பெயரில் ஒரு கோப்பு, நீங்கள் நின்ற அடைவில் உருவாகியிருக்கும். அதை இங்கே அப்படியே ஒட்டாதீர்கள். திரையில் இருந்தவையும் தட்டிய விசைகளும் அதில் பதிவாகியிருக்கும், கடவுச்சொல்லும் சிக்கியிருக்கலாம். கோப்பு மேலாளரின் பெயர் அதில் ஓரிடத்திலாவது வருகிறதா, இல்லையா என்று தேடி, அதை மட்டும் சொல்லுங்கள்.